பங்களாவுக்கு நூறு வயது தாண்டிவிட்டது, இடிக்க முடியாதுதானே?

குன்னூரிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் பெயர், தெரு, வீட்டின் பெயர் எதையும் சொல்லாமல் கடிதத்தின் சாரத்தை மட்டும் இங்கே தருகிறேன்.

40 சென்ட் நிலத்தில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்று. கூடத்துக் கணப்பின் மேல் கல்லில் 1904 என்று செதுக்கியிருக்கிறது. 1980-களில் அதன் உரிமையாளர் குடும்பம் பங்களாவை நான்கு வீடுகளாகப் பிரித்து, பின்புறம் புதிதாக ஐந்து வீடுகள் கட்டி, ஒன்பதையும் தனித்தனியாக விற்றது. ஆசிரியையும் அவர் கணவரும் 1997-ல் பங்களாவின் மாடி வீட்டை வாங்கினார்கள். கணவர் இப்போது இல்லை. வருடம் முழுவதும் அங்கே குடியிருப்பவை மூன்று குடும்பங்கள்தான். மற்றவர்கள் சென்னை, கோவை, பெங்களூரு என்று இருந்துகொண்டு சீசனுக்கு வந்து போகிறார்கள். இரண்டு வீடுகளைச் சுற்றுலாப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள். ராத்திரி சத்தம் தாங்கவில்லை என்கிறார்.

இப்போது ஒரு பில்டர் வந்திருக்கிறார். எல்லாவற்றையும் இடித்துவிட்டு நான்கு மாடியில் 24 வீடுகள் கட்டி, பழைய உரிமையாளர் ஒவ்வொருவருக்கும் ஒன்று தருவதாகச் சொல்கிறார். வீட்டு உரிமையாளர் சங்கத்தின் செயலாளர், "ஆறு பேர் ஒத்துக்கொண்டார்கள். சட்டப்படி அது போதும், நீங்கள் கையெழுத்துப் போடாவிட்டாலும் வேலை நடக்கும்" என்கிறார். அந்த ஆறு பேரில் ஒருவர் துபாயிலிருந்து வாட்ஸ்அப்பில் 'ஓகே' போட்டவர். இன்னொருவர் இறந்துபோன உரிமையாளரின் மூத்த மகன். கூட்டத்துக்குப் போன ஆசிரியை வருகைப் பதிவேட்டில் போட்ட கையெழுத்தையும் சம்மதம் என்று காட்டிவிடுவார்களோ என்ற பயம் வேறு. கோபத்தில் நான்கு மாதமாக மெயின்டனன்ஸ் கட்டவில்லை. இரண்டு மழையாகக் கூரை ஒழுகுகிறது. மேல் வீடு என்பதால் அது தன் செலவு என்று நினைத்து, கையில் பணமில்லாமல் வாளி வைத்துச் சமாளிக்கிறார். புதுச்சேரியில் அபார்ட்மெண்டில் இருக்கும் அவர் தங்கை, "நூறு வருடம் தாண்டிய கட்டடத்தை யாரும் தொட முடியாது, எங்கள் ஊரில் அப்படித்தான்" என்று தைரியம் சொல்லியிருக்கிறார். அது சரிதானா என்பதுதான் கேள்வி.

டீச்சர், உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் குன்னூரில் பழைய வீட்டில்தான் இருக்கிறேன். மழை நின்ற பிறகும் ராத்திரி முழுக்க வாளியில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால் ஆறுதலுக்காக எதையும் மழுப்பிச் சொல்லப் போவதில்லை.

நூறு வயது மட்டும் கட்டடத்தைக் காப்பாற்றாது

முதலில் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் நம்பிக்கை முழுவதும் இதன்மேல்தான் நிற்கிறது. நூறு ஆண்டு என்ற எண் 1958-ம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டத்திலிருந்து வந்தது. அந்தச் சட்டப்படி ஒரு சின்னத்தைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவிக்க அதற்குக் குறைந்தது நூறு வயது ஆகியிருக்க வேண்டும். வயது ஒரு தகுதி, அவ்வளவுதான். அரசு தனியாக அறிவித்தால்தான் பாதுகாப்பு வரும். தமிழ்நாட்டுக்கு 1966-ல் வந்த சட்டத்திலும் அறிவிப்பு வேண்டும். பாரம்பரியக் கட்டடங்களுக்கென ஓர் ஆணையம் அமைக்க 2012-ல் நம் சட்டமன்றம் இயற்றிய சட்டத்திலும் கட்டடம் பட்டியலில் ஏறியாக வேண்டும். நீலகிரியில் நூறு வயதைத் தாண்டிய பங்களாக்கள் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவை எந்தப் பட்டியலிலும் இல்லாத தனியார் சொத்து.

உங்கள் தங்கை சொன்னதில் நல்லெண்ணம் இருக்கிறது, ஆனால் கடற்கரை ஊரின் கதையை மலைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. சென்னையிலும் 2010-ல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றில் 467 பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியல் இடம்பெற்றது. அது சென்னைக்கான பட்டியல். புதுச்சேரியில் பாரம்பரியத்தின்மேல் அக்கறை உள்ளவர்கள் பல வருடம் பாடுபட்டிருக்கிறார்கள். அங்கேயும் கடற்கரைச் சாலையில் எல்லாரும் மதித்த மேரி கட்டடம் (பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சி அலுவலகம்) 2014 நவம்பர் மழையில் இடிந்தே விழுந்தது. பிறகு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டினார்கள். மதிப்பு வேறு, பராமரிப்பு வேறு என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். பாரம்பரியத்தைக் காக்கப் பாடுபடும் இன்டாக் போன்ற அமைப்புகளுக்கு நீங்கள் எழுதலாம். வந்து பார்த்து, ஆவணப்படுத்தி, பட்டியலில் சேர்க்கப் பரிந்துரைக்க உதவுவார்கள். இடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. பட்டியலில் ஏறினால் அந்தக் கட்டுப்பாடு உங்களுக்கும் சேர்த்துத்தான் என்பதையும் மனத்தில் வையுங்கள். ஜன்னலை மாற்றக்கூட அனுமதி கேட்க வேண்டி வரலாம்.

அப்படியானால் கையில் ஒன்றும் இல்லையா? இருக்கிறது. நீங்கள் கடிதத்தோடு அனுப்பிய கிரயப் பத்திரத்தின் நகலில் இருக்கிறது.

பத்திரத்தின் கடைசிப் பக்கம்

பத்திரத்தில் முதலில் எல்லாரும் பார்ப்பது விலையும் பெயரும். நான் முதலில் கடைசிக்குப் போய் சொத்து விவரத்தைப் பார்ப்பேன். உங்கள் பத்திரத்தில் 'அ' ஷெட்யூலில் மொத்த நிலம் 40 சென்ட். 'ஆ' ஷெட்யூலில் அதில் உங்களுக்குப் பிரிபடாத பாகம், அதாவது எல்லை பிரிக்காத பொது நிலத்தில் உங்கள் பங்கு, 1,550 சதுர அடி. அதன் கீழே மாடி வீடும், "கூரை, படிக்கட்டு, நடைபாதை, தண்ணீர்த்தொட்டி ஆகியவை பொது" என்ற வரியும். அந்த ஒரு வரியைப் பென்சிலால் அடிக்கோடிட்டு வையுங்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. 40 சென்ட் என்றால் 17,424 சதுர அடி. ஒன்பது வீட்டுக்கும் சுமார் 1,550 சதுர அடி என்று வைத்துக்கொண்டாலும் 13,950-தான் வருகிறது. மீதி ஏறக்குறைய எட்டு சென்ட் யாருடையது? மற்ற வீட்டுக்காரர்களில் சிலருக்குக் கூடுதல் பாகம் எழுதியிருந்தால் கணக்கு நேராகிவிடும். இல்லையென்றால் அந்த மீதி இன்னும் பழைய உரிமையாளர் குடும்பத்தின் பெயரில் இருக்கிறது என்று பொருள். அவர்களுடைய வாரிசுகள் கையெழுத்துப் போடாமல் பில்டருக்கு முழு நிலத்தைக் கொடுக்க ஒன்பது பேரும் சேர்ந்தாலும் முடியாது. இப்படி மிச்சம் விட்டுவிட்டு எழுதிய பத்திரங்களை இந்த மலையில் பல தடவை பார்த்திருக்கிறேன். அந்தக் காலத்தில் பங்களாவைத் துண்டு போட்டு விற்றவர்கள் கார் நிற்கும் இடத்தையும் தோட்டத்தையும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுவார்கள்.

ஆகவே சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுப் போட்டு மற்ற எட்டுப் பத்திரங்களுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். 1980-லிருந்து இன்றுவரை வில்லங்கச் சான்றும் எடுங்கள். நகல்கள் வந்ததும் எட்டுப் பாகங்களையும் உங்களுடையதோடு கூட்டிப் பாருங்கள். நீங்கள் என்ன பாடம் எடுத்தீர்கள் என்று எழுதவில்லை. எதுவாயிருந்தாலும் இந்தக் கூட்டல் உங்களுக்குப் பெரிய வேலை இல்லை.

'ஒவ்வொருவருக்கும் ஒரு வீடு' என்ற பேச்சையும் இந்தப் பாகத்தோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும். நிலத்தில் உங்கள் பங்கு எவ்வளவோ, புதுக் கட்டடத்திலும் அந்த விகிதத்துக்குக் குறையாமல் வர வேண்டும். 24 வீடுகளுக்குப் பங்கு பிரித்த பிறகு உங்கள் 1,550 சதுர அடி எவ்வளவாகச் சுருங்குகிறது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஆறு பேர் என்பது உண்மையில் எத்தனை பேர்?

செயலாளர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. 1994-ம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டத்துக்குப் பதிலாகத் தமிழ்நாடு 2022-ல் புதுச் சட்டம் இயற்றியது. அது 2024-ல் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஒரே ஒருவர் மறுத்தாலும் மறுகட்டுமானம் வருடக்கணக்கில் நிற்கும். இப்போது மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். ஒன்பதில் ஆறு, சரியாக மூன்றில் இரண்டு. ஒருவர் குறைந்தாலும் கணக்கு உடைந்துவிடும்.

அந்த ஆறில் இரண்டு ஆட்டம் காண்கிறது. துபாய்க்காரர் வாட்ஸ்அப்பில் போட்ட ஓகே, நிலத்தைப் பற்றிய சம்மதமாக நீதிமன்றத்தில் நிற்காது. அவர் நேரில் வந்து எழுதித் தர வேண்டும், அல்லது இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்பி, அது இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். இறந்தவரின் மகன் விஷயத்தில், அவர் ஒருவர் மட்டும் வாரிசாக இருந்தால் சரி. அம்மாவோ தங்கையோ இருந்தால் அவர்களுக்கும் பங்கு உண்டு. வாரிசுச் சான்றிதழ் இல்லாமல் அவர் கையெழுத்து அந்த வீட்டின் கையெழுத்தாகாது. ஆக, கையில் உறுதியாக இருப்பது நான்கு.

உங்கள் வருகைப் பதிவேட்டுக் கையெழுத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டத்துக்கு வந்தேன் என்பதற்கு மட்டும்தான் அது அத்தாட்சி. இருந்தாலும் "நான் கூட்டத்தில் கலந்துகொண்டேன், மறுகட்டுமானத்துக்குச் சம்மதம் தரவில்லை" என்று இரண்டே வரியில் சங்கத்துக்கும் பில்டருக்கும் ஒப்புகையோடு தபாலில் அனுப்பிவிடுங்கள். அந்த ஒப்புகைச் சீட்டு நாளைக்குப் பேசும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. துபாய்க்காரர் முறையாக எழுதிக் கொடுத்து, அந்த மகனின் குடும்பமும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் ஆறு வந்துவிடும். அப்போது 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதை மட்டும் வைத்து நீங்கள் நிறுத்த முடியாது. அந்த நாளுக்கும் தயாராக இருக்க வேண்டும்.

நான்கு மாடி எங்கே வரும்?

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய இடம் இது. மலை நகரங்களுக்காக 1993-ல் வந்த கட்டட விதிகள் உயரத்தை 7 மீட்டரில் நிறுத்தின. தரைத்தளமும் அதன்மேல் ஒரு மாடியும் என்பதுதான் இந்த மலைக்குப் பழகிய அளவு. அதோடு நீலகிரியில் மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் கண்காணிப்பும் இருக்கிறது. பொக்லைன் இறக்கவே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். இந்த நிலையில் நான்கு மாடி என்று ஒருவர் வண்ணப்படம் காட்டினால், திட்ட அனுமதி எங்கே என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

கொடைக்கானலில் அனுமதித்ததற்கு மேல் மாடிகள் கட்டிய ஓட்டல் ஒன்றை எதிர்த்துப் பழனி மலைப் பாதுகாப்புக் குழு வழக்குப் போட்டது. கூடுதல் மாடிகளை இடிக்கச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 1995-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. ஓட்டல்காரருக்கு வேறு வருமானம் இருந்திருக்கும். உங்களுக்கு இருப்பது ஒரே வீடு. அது மூன்றாவது மாடியிலோ நான்காவது மாடியிலோ இருந்து, அதற்குச் சீல் வைத்தால் நீங்கள் எங்கே போவீர்கள்?

இதில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. இந்தக் கட்டட விதிகள் வருவதற்கு முன்பே கட்டியது உங்கள் பங்களா. அதை இடித்த நொடியிலிருந்து இன்றைய விதிதான். சாலையிலிருந்து விட வேண்டிய இடம், சரிவு, ஓடை, உயரம் எல்லாம் கணக்குக்கு வரும். இன்று நிற்கும் அளவுக்குக்கூடத் திரும்பக் கட்ட அனுமதி கிடைக்காமல் போகலாம். அதனால் பழைய கட்டடத்தை இடிப்பதற்கு முன்பு புதியதன் அனுமதியைக் கையில் பார்த்தாக வேண்டும். அனுமதி பிறகு வரும், முதலில் காலி செய்யுங்கள் என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த மனைக்கு எவ்வளவு உயரம், எத்தனை வீடு அனுமதிக்கலாம், இதுவரை ஏதாவது விண்ணப்பம் வந்திருக்கிறதா என்று நகராட்சிக்கும் மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்துக்கும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எட்டு வீட்டுக்கு மேல் கட்டி விற்கும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவாகியிருக்க வேண்டும். அதற்கு முன்பு விளம்பரமோ முன்பதிவோ செய்யக்கூடாது. பதிவு எண் கேளுங்கள். இல்லையென்றால் பேச்சு வார்த்தையை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

பின்புற மலையை வெட்டாமல் 24 வீடு அந்த இடத்தில் அடங்குமா என்பதையும் யோசியுங்கள். 2009 நவம்பர் மழையில் நீலகிரி மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வாரம் குன்னூர் சாலைகளில் நின்று பார்த்தவர்களில் நானும் ஒருவன். சரிவை வெட்டும் திட்டம் எதைப் பார்த்தாலும் எனக்கு அது ஞாபகம் வராமல் இருக்காது.

கூரைதான் முதல் வேலை

மேல் வீட்டுக்காரர்தான் கூரைக்குப் பொறுப்பு என்று நீங்கள் நினைத்தது தவறு. பத்திரத்தில் பென்சிலால் கோடு போட்ட வரிக்கு இப்போது வருவோம். கூரை பொதுச் சொத்து, அதைச் சரிசெய்வது சங்கத்தின் கடமை, செலவு ஒன்பது வீட்டுக்கும் பொது.

இது வெறும் ஒழுகல் பிரச்சினை இல்லை. கட்டடம் இடிந்து விழும் நிலையில் இருப்பதாக உரிய அதிகாரி சான்றளித்துவிட்டால், புதுச் சட்டத்தில் அந்த மூன்றில் இரண்டு பங்குச் சம்மதத்துக்கே அவசியம் இல்லாமல் போகலாம். கூரையை இரண்டு மழை பார்க்காமல் விட்டாயிற்று. இன்னும் இரண்டு மழை விட்டால் உத்தரம் உளுத்துப்போகும், சுவர் ஊறும், அப்புறம் அந்தச் சான்றிதழ் தானாக வரும். யாரும் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் வாளி வைத்துக்கொண்டு சும்மா இருப்பது இடிக்க நினைப்பவர்களுக்குத்தான் உதவுகிறது.

போன வருடம் இதே போன்ற ஒரு வீட்டு வழக்குக்காகக் கூரைக்கு அடியில் ஏறிப் பார்த்தேன். தகரம் நன்றாகத்தான் இருந்தது. புகைபோக்கி கூரையைத் துளைத்து வெளியே வரும் இடத்தில், சுற்றி மடித்திருந்த தகரப்பட்டை துருப்பிடித்துக் கையகலம் பிய்ந்திருந்தது. அதன் வழியாக இறங்கிய தண்ணீர் சுவருக்குள் போயிருந்தது. சுவரோ பழைய சுண்ணாம்புக் காரை. அதன்மேல் யாரோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி வெளியே விடும், சிமெண்ட் உள்ளேயே பூட்டி வைக்கும். விரலால் தட்டினால் பூச்சு பொத்தென்று சத்தம் கொடுத்தது. பெயர்த்துப் பார்த்தால் உள்ளே உப்புப் பூத்து, காரை மாவாகக் கொட்டியது. 'கட்டடம் அழுகிவிட்டது' என்று எல்லாரும் சொன்ன சுவர் அது. பட்டையை மாற்றி, சிமெண்டைச் சுரண்டி எடுத்து, சுண்ணாம்பே பூசினார்கள். இந்த வருடம் காய்ந்து நிற்கிறது. உங்கள் வீட்டிலும் கணப்பு இருக்கிறதென்று எழுதியிருக்கிறீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைக் கூட்டிப் போய் முதலில் அந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அதோடு சுதந்திரமான கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரிடம் அறிக்கை வாங்குங்கள். பில்டர் அனுப்பும் ஆள் வேண்டாம். அறிக்கையில் கட்டடம் உண்மையிலேயே ஆபத்து என்று வந்தால், டீச்சர், தயவுசெய்து அதை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் உயிரைவிட அந்த 1904 கல் பெரிதில்லை. அப்போது உங்கள் போராட்டம் நல்ல ஒப்பந்தத்துக்காக இருக்க வேண்டும்: பதிவு செய்த ஒப்பந்தம், வேலை முடியும்வரை மாத வாடகை, தாமதத்துக்கு இழப்பீடு, அதற்கு வங்கி உத்தரவாதம், தரைத்தளத்தில் வீடு. உங்கள் வயதில் இரண்டு தடவை வீடு மாறுவது சின்ன விஷயமில்லை. மழைக்காலத்தில் மலையில் வேலை எவ்வளவு இழுக்கும் என்றும் உங்களுக்குத் தெரியும். பொது அதிகாரப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.

மெயின்டனன்ஸ், தண்ணீர், மற்றவை

நான்கு மாதப் பாக்கியை உடனே கட்டிவிடுங்கள், எழுத்தில் ஆட்சேபத்தோடு. பணம் கட்டாதவர் என்ற பேச்சு உங்கள் நியாயத்தை மறைத்துவிடும். கையெழுத்துப் போடவில்லை என்பதற்காகத் தண்ணீரையோ பொது விளக்கையோ நிறுத்தினால் உரிமையியல் நீதிமன்றத்தில் தடையுத்தரவு கேட்கலாம். அவர்கள் முந்திக்கொண்டு வழக்குப் போடுவார்கள் என்று தோன்றினால் கேவியட் மனு, அதாவது உங்களைக் கேட்காமல் உத்தரவு போடக்கூடாது என்று முன்கூட்டியே கொடுக்கும் மனு, தாக்கல் செய்து வையுங்கள். அது 90 நாள் செல்லும். செலவுக்குப் பயப்பட வேண்டாம். 1987-ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு. குன்னூர் நீதிமன்ற வளாகத்தில் விசாரியுங்கள்.

நாள் வாடகை வீடுகளின் சத்தத்தை இப்போதைக்குத் தனியாக வையுங்கள். சங்க விதிகளில் அதற்கு வழி இருக்கும், ஆனால் ஒரே நேரத்தில் எல்லாரோடும் சண்டை வேண்டாம். அந்த இரண்டு உரிமையாளர்களும் உங்களுக்குத் தேவைப்படலாம். பழைய பங்களா என்பதால்தான் அவர்களுக்கு ஆள் வருகிறது. இடித்தால் வேலை முடியும்வரை வருமானம் போகும் என்பதை யாராவது அவர்களிடம் எடுத்துச் சொன்னார்களா? ஒரு டீ கொடுத்து நீங்களே பேசிப் பாருங்கள். அந்த ஆறில் அவர்களும் இருந்து, ஒருவர் மனம் மாறினாலும் எண்ணிக்கை குறைந்துவிடும்.

சங்கத்துக்கு எழுத வேண்டிய கூரைக் கடிதத்தை இந்த வாரமே எழுதுங்கள். ஒழுகும் இடத்தைத் தேதி தெரியும்படி நான்கு படம் எடுத்து இணைத்து, முப்பது நாள் கெடு கொடுங்கள். அதற்குள் செய்யாவிட்டால் நீங்களே சரிசெய்துவிட்டு எட்டு வீட்டின் பங்கைக் கேட்பேன் என்றும் எழுதுங்கள். குன்னூருக்குப் பெரிய மழை அக்டோபரில் வரும். அதற்குள் அந்தப் புகைபோக்கிப் பட்டையாவது மாறியிருக்க வேண்டும்.